ஊர்ப் பக்கம் நாடகக் குழு: ஆள் சேர்ப்பதிலிருந்து கணக்கு முடிப்பது வரை

நாலு பேர் டீக்கடையில் நின்று "நாமளும் ஒரு நாடகம் போட்டா என்ன?" என்று பேச ஆரம்பித்தால் அடுத்து வருகிற கேள்வி "என்ன நாடகம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது யார் யார் வருவார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவார்கள் என்பது. நான் பார்த்த வரையில் பாதியில் நின்றுபோன நாடகங்கள் கதை சரியில்லாமல் நின்றவை அல்ல. பதினெட்டுப் பாத்திரம் உள்ள நாடகத்தை எடுத்துக்கொண்டு, பதினெட்டு ஆளைத் தேடித் தேடி, கடைசியில் ஒத்திகைக்கு ஆறு பேர் வந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து நின்றவை. வருகிற ஆறு பேரை வைத்து ஆறு பேருக்கான நாடகம் போடுங்கள். குழு நிலைக்கும், அடுத்த வருடம் எட்டுப் பேர் ஆகும்.

ஆள் எங்கே கிடைப்பார்கள் என்றால், நம் கொங்குப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஊர் ஊராக வாத்தியார் வைத்து வள்ளிக் கும்மி கற்று அரங்கேற்றம் செய்கிறார்கள். அதில் ஆடுகிற பெண்களுக்குத் தாளமும் தெரியும், கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற கூச்சமும் போயிருக்கும். ஒயிலாட்டம் ஆடுகிற பையன்கள், கோயிலில் உடுக்கையடித்துப் பொன்னர் சங்கர் என்கிற அண்ணமார் கதை பாடுகிறவர், பள்ளி ஆண்டுவிழாவில் நாடகம் போட்டுப் பழகிய ஓய்வுபெற்ற ஆசிரியர், பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய கல்லூரிப் பெண் என்று யோசித்துப் பாருங்கள், ஒரு பட்டியல் தானாக வரும். நடிக்கத் தெரியாது ஆனால் கூடவே இருக்க ஆசை என்று ஒருவர் வருவார் பாருங்கள், அவரை விட்டுவிடாதீர்கள். மேடைக்குப் பின்னால் நின்று சாமான் எடுத்துக் கொடுக்க, நேரம் பார்க்க, வசனம் எடுத்துக் கொடுக்க அவர்தான் வேண்டும். நல்ல குழுவுக்கு அடையாளம் அதில் அப்படி இரண்டு பேர் இருப்பதுதான்.

வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் போடுவது நமக்குப் புதிதும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் நாடகத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்ல. வேறு உத்தியோகம் வைத்துக்கொண்டு ஆசைக்கு நடித்தவர்கள். அவரே பிறகு வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். நம் பக்கத்தைச் சொன்னால், 1944ல் நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் முன்நின்று நாடகக் கலைக்கென்று மாநாடு கூட்டியது ஈரோட்டில்தான். அதனால் யாராவது "இந்த ஊருக்கு எதுக்குங்க நாடகமெல்லாம்?" என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

நேரமும் இடமும்

இதுதான் நிஜமான கஷ்டம். திருப்பூர்ப் பக்கம் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் மூச்சு விட நேரம். ஷிப்மெண்ட் நெருங்கினால் அதுவும் இல்லை. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவருக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் ராத்திரி ஷிப்ட் என்று மாறும். காடு தோட்டம் உள்ளவர் தண்ணீர் விடுகிற நாளில் வர மாட்டார். ஆகவே எல்லாரும் எல்லா நாளும் வர வேண்டும் என்று சட்டம் போடாதீர்கள், நடக்காது. அதற்குப் பதில் ஒரு அட்டவணை போடுங்கள். மேலே காட்சிகள், பக்கவாட்டில் பாத்திரங்கள், யார் எந்தக் காட்சியில் வருகிறார்களோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. புதன்கிழமை இரண்டாம், ஐந்தாம் காட்சி என்றால் அதில் இருக்கிற நாலு பேரை மட்டும் கூப்பிடுங்கள். தன் காட்சி வராமல் இரண்டு மணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் மறுவாரம் வர மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஞாயிறு மட்டும் எல்லாருக்கும் பொது.

தேதி குறிக்கும்போது நாள்காட்டியைக் கிழிக்காமல் முன்னால் புரட்டிப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் பாதிப் பேர் கல்யாணத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் காதுகுத்து, கெடா வெட்டு என்று போயிருப்பார்கள். சீர் செய்ய வேண்டிய வீட்டுக்காரரை "ஒத்திகை இருக்குங்க" என்று நிறுத்தி வைக்க முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் இதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். மண்டபக்காரர் தெரிந்தவராக இருந்தால் கரண்டுச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு ஹாலைத் திறந்து விடுவார். அந்த மாதங்களில் உறவுக்காரர் வீட்டு விசேஷமும் குறைவு. மார்கழியில் முழு மூச்சாக ஒத்திகை பார்த்துத் தை, மாசியில் மேடை ஏறுவது நம் ஊருக்குப் பொருத்தமான கணக்கு.

இடம் பார்க்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தயக்கமில்லாமல் உள்ளே வந்து உட்காரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். சில ஊர்களில் சாவடி, கோயில் மண்டபம் என்று வசதியான இடம் சும்மாவே கிடைக்கும், ஆனால் ஒரு தெருப் பையன் அதற்குள் வரக் கூசுவான், அல்லது வரவிட மாட்டார்கள். அப்படிப்பட்ட இடம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பள்ளிக்கூட வகுப்பறை, தொழிற்சங்க அலுவலக மாடி, யாராவது ஒருவரின் குடோன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்கிற தண்ணீருக்கு ஒரே சொம்பு, ஒரே குடம். முதல் நாளே இது இப்படித்தான் என்று ஆகிவிட்டால் அப்புறம் பேச வேண்டியே இருக்காது.

பெண்கள் வர வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தால் ஒத்திகை முடிகிற நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். எட்டரை என்றால் எட்டரை. கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள், அல்லது யார் கொண்டுபோய் விடுவது என்பதை அன்றைக்கே பேசி வையுங்கள். வீட்டில் மாமியாரோ அப்பாவோ யோசித்தால் அவர்களையே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அழைத்து உட்கார வையுங்கள். "நீங்களே வந்து பாருங்கம்மா" என்று சொல்வதில் இருக்கிற மரியாதை வேறு எதிலும் வராது. உடை மாற்ற மூடிய அறையும் கழிப்பறையும் இல்லாத மேடைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என்ன நாடகம்?

ஆள் தெரிந்தாகிவிட்டது, இனிமேல் நாடகம். எழுதி வைத்த நாடகத்தை எடுக்கலாம், நீங்களே எழுதலாம். எடுப்பதாக இருந்தால் உரிமை விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகும் வரை பதிப்புரிமை இருக்கும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல் மறைந்தவர், சம்பந்த முதலியார் 1964ல் மறைந்தவர், ஆக இருவர் எழுத்தும் இப்போது எல்லாருக்கும் பொது. உரிமை உள்ள நாடகமாக இருந்தாலும், ஆசைக்கு நடிக்கிற குழு காசு வாங்காமல் நடத்தினாலோ, ஒரு வழிபாட்டுத் தலத்தின் நிதிக்காக நடத்தினாலோ அது உரிமை மீறல் ஆகாது என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது. டிக்கெட் போட்டு உங்களுக்காக வசூலித்தால் இந்தச் சலுகை கிடையாது. எழுதியவரிடமோ வாரிசிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காசு வாங்காவிட்டாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் முறை. தன் நாடகம் ஒரு ஊரில் நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டால் பெரும்பாலான எழுத்தாளர்கள் சந்தோஷப்படுவார்கள், சிலர் பஸ் ஏறி வந்தே விடுவார்கள். வீடியோ எடுத்து யூட்யூபில் போடுவது தனி விஷயம், அதற்கும் சேர்த்துக் கேளுங்கள். சினிமாப் பாட்டை ஓட்டி இடைவெளியை நிரப்பாதீர்கள். உங்கள் ஊரிலேயே உடுக்கையும் தப்பும் ஆர்மோனியமும் வாசிக்கிறவர் இருக்கும்போது அது எதற்கு?

நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும்படி எழுதுங்கள். உட்கார்ந்து வாசித்தால் நாற்பது நிமிடம் வருவது மேடையில் ஐம்பத்தைந்துக்குக் குறையாது. நடக்க வேண்டும், உட்கார வேண்டும், கூட்டம் சிரித்தால் நிற்க வேண்டும். விஷயத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர், பாகம் பிரிக்கிற வீடு, வேலைக்கு வந்த வட மாநிலப் பையன், தோட்டத்தை விற்பதா வேண்டாமா என்று ராத்திரி முழுக்கப் பேசுகிற அண்ணன் தம்பி என்று நம் வீதியிலேயே எத்தனையோ கிடக்கிறது.

பேச்சு நம் பேச்சாக இருக்கட்டும். சினிமாவில் கொங்குப் பேச்சைச் சிரிப்புக்கு வைத்துப் பழக்கிவிட்டார்கள், அதனால் நம் ஆட்களே சோகமான காட்சி வந்தால் புத்தகத் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். அப்பிச்சி (அம்மாவின் அப்பா) செத்துப்போன வீட்டில் அமுச்சி (அம்மாவின் அம்மா) எப்படி அழுவார் என்று நமக்குத் தெரியும், அதை அப்படியே பேசலாம். எழுதிய வசனத்தை நடிக்கிறவர் தன் வாய்க்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள முதல் இரண்டு வாரம் அனுமதி கொடுங்கள், அப்புறம் மாற்றக் கூடாது. மகன் அப்பாவிடம் "வாங்ப்பா" என்கிறானா, மாப்பிள்ளை மாமனாரிடம் எத்தனை "ங்க" போடுகிறான், மச்சான்கள் கோபத்தில் எப்போது அதை விடுகிறார்கள் என்பதில்தான் அந்த வீட்டு உறவே தெரியும். ஒரு பயிற்சி மட்டும் கட்டாயம். நாம் பேசும்போது வாக்கியத்தின் கடைசியைத் தேய்த்துவிடுவோம், முன்னால் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்தி, வாக்கியத்தின் கடைசி எழுத்து காதில் விழுந்தால்தான் கை தூக்கச் சொல்லுங்கள். பத்து நாளில் குரல் மாறுவது உங்களுக்கே தெரியும்.

ஒத்திகை

ஒரு மணி நேர நாடகத்துக்கு இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதினைந்து நாள் உட்கார்ந்து வாசிப்பு மட்டும். எல்லாரும் எல்லாப் பாத்திரத்தையும் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். கதாநாயகன் யார் என்று முதல் நாளே அறிவிக்காதீர்கள். வாசிக்க வாசிக்க யார் வாயில் எந்தப் பாத்திரம் உட்காருகிறது என்று அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் பாத்திரம் பிரிக்கும்போது சண்டை பாதியாகக் குறையும். இப்படி வாசித்ததில் இன்னொரு லாபம், யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ திடீரென்று ஷிப்ட் மாறினாலோ அந்த வசனம் ஓரளவு தெரிந்த வேறொருவர் இருப்பார். முக்கியப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆள் யார் என்பதை எழுதியே வையுங்கள்.

பிறகு எழுந்து நின்று பார்க்கிற காலம். மேடை இருபது அடி என்றால் அதே இருபது அடியைத் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கதவு எங்கே, கட்டில் எங்கே, யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரிய ஹாலில் பழகிவிட்டுச் சின்ன மேடை ஏறினால் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்வார்கள். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாளைச் சொல்லி, அன்றிலிருந்து கையில் தாள் கிடையாது என்று முடிவு செய்யுங்கள். வசனம் மறந்தால் நின்று "என்னங்க?" என்று கேட்கட்டும், பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் தாள் வேண்டாம். கையில் தாள் இருக்கும் வரை கை நடிக்காது.

சொன்ன நேரத்துக்கு ஆரம்பியுங்கள். மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் மூன்று பேர் காட்சியை எடுங்கள். தாமதமாக வருகிறவரைத் திட்ட வேண்டாம், அவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உள்ளே வேலை ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே அடுத்த முறை சீக்கிரம் வருவார். நேரத்துக்கு வந்தவரைக் காக்க வைப்பது, அவர் வந்ததற்குத் தண்டனை கொடுப்பது மாதிரி ஆகிவிடும். கடைசி இரண்டு வாரம் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது, மேடையில் நிறுத்த முடியாதல்லவா? இயக்குகிறவர் தாளில் குறித்துக்கொண்டு முடிந்த பிறகு சொல்லட்டும். சொல்கிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நடிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் "நீ இப்படிப் பண்ணு" என்று ஆரம்பித்தால், பத்து நாளில் குழுவில் இரண்டு கட்சி இருக்கும்.

காற்று, சத்தம், வெளிச்சம்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலை நிற்கிற ஊர்கள் அவை. அந்த மாதத்தில் திறந்த வெளியில் படுதா கட்டினால் பாய்மரம்தான். மைக்கில் காற்றின் இரைச்சல் வசனத்தை முழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் உள்ளரங்கம், தையிலிருந்து சித்திரை வரை வெளி மேடை. மாசி, பங்குனியில் ஊர் ஊருக்கு நோம்பி (கோயில் திருவிழா) சாட்டியிருப்பார்கள், மேடையும் பந்தலும் மைக் செட்டும் ஏற்கெனவே அங்கே இருக்கும். விழாக் கமிட்டியிடம் போய் ஒரு மணி நேரம் கேட்டால் பாதிச் செலவு மிச்சம். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் கேளுங்கள், பின்னால் வேண்டாம்.

ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. விழாக் காலத்தில் வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், அதை நம்பி நாடகத்தைத் திட்டமிடாதீர்கள். ஏழரைக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்குள் முடிந்துவிடும். மைக்குக்கு காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். முன்பு நாடகப் பிரதியையே கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதற்கு வழி செய்த 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013ல் செல்லாது என்று சொல்லிவிட்டது. எழுத்தாளர் ஞாநி போட்ட வழக்கு அது. நாடகம் போடுகிற ஒவ்வொருவரும் அவரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

மைக் செட்டுக்காரரைக் கடைசி நேரத்தில் பார்க்காதீர்கள். ஒரு ஒத்திகைக்கு அவரை வரச் சொல்லிக் காட்டிவிடுங்கள். மேடை விளிம்பில் மூன்று, மேலே தொங்கவிட இரண்டு என்று இருந்தால் சின்ன மேடைக்குப் போதும், எங்கே நின்று பேசினால் எடுக்கிறது என்று ஒவ்வொருவரும் பேசிப் பார்க்க வேண்டும். எக்கோவை முழுக்க அணைக்கச் சொல்லுங்கள், அது பாட்டுக்கு வைப்பது. விளக்கு விஷயத்தில் ஆயிரம் வாட் ஹாலஜன் பத்து போட்டால் பத்து கிலோவாட் ஆகிறது, பக்கத்து வீட்டு லைனில் கொக்கி போடுகிற வேலை அல்ல. தெரிந்த எலக்ட்ரீஷியன், சரியான எர்த், தரையில் ஓடுகிற ஒயர் மேல் டேப். இல்லையென்றால் எல்இடி விளக்குகளை வாடகைக்கு எடுங்கள், கரண்டும் குறைவு, சூடும் இல்லை.

உடை வீட்டிலிருந்தே வரும். அரிதாரம் பூசும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், கழுவும்போதும் அதுவே. மேடையில் விரிக்கப் பவானி ஜமுக்காளம் இருந்தால் நடக்கிற சத்தம் மைக்கில் வராது, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

காசு

வசூலை விட முக்கியம் கணக்கு. ஒரு நோட்டு, ரசீதுப் புத்தகம், பணம் வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். மாதச் சந்தா சின்னத் தொகையாக எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். மில் முதலாளி ஒருவர் முழுச் செலவையும் ஏற்கிறேன் என்றால் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு ஒரு பங்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், முழுதும் வாங்கினால் அடுத்த நாடகத்தில் அவர் சொல்கிறவருக்குத்தான் முக்கிய வேஷம். இரண்டு மூன்று நாடகம் தாண்டி நிலைத்துவிட்டால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யலாம், குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிவு இருந்தால் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கலாம், அரசு உதவிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். டிக்கெட் போடுவதென்றால் தலைக்கு 500 ரூபாய்க்கு மிகாத நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

நாடகம் முடிந்த ராத்திரி எல்லாரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், படுதாவை மடிக்க இரண்டு பேர் மட்டும் நிற்பார்கள். இது எல்லாக் குழுவிலும் நடக்கும், அதனால் மடிக்கிற வேலையையும் அட்டவணையிலேயே எழுதுங்கள், முக்கிய வேஷக்காரர் பெயர் அதில் முதலில் இருக்கட்டும். வாங்கி வந்த கட்டில், அரிக்கேன் விளக்கு, அமுச்சியின் பழைய சேலை எல்லாம் மறுநாளே அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அடுத்த முறை கேட்கும்போது முகம் கொடுக்க வேண்டுமல்லவா? ஒரு வாரத்துக்குள் எல்லாரையும் கூட்டி வரவு செலவை வாசித்துக் காட்டுங்கள். நடிப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு, டீ குடித்துக்கொண்டே. அந்தக் கூட்டம் கலைவதற்கு முன்னால் அடுத்த வாசிப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடுங்கள், நாடகம் எது என்று இன்னும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.